நிச்சயதார்த்த மோதிரம் சொல்லிச் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையில் ஒரு நகைப் பட்டறையில் ஆர்டர் எடுக்கும் மேசையில் இருக்கிறேன். கழுத்துக்கும் கைக்கும் நகை எடுக்க வருகிற கல்யாண வீட்டுக்காரர்கள் தெளிவாகவே வருவார்கள். எத்தனை பவுன், என்ன மாடல் என்பதெல்லாம் வீட்டிலேயே முடிவாகியிருக்கும். நிச்சயதார்த்த மோதிரத்துக்கு மட்டும் மாப்பிள்ளையோ பெண்ணோ தனியாக, போனில் சேர்த்து வைத்த படங்களோடு வருகிறார்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போன அன்று ராத்திரியே "எல்லாம் சரியா வந்துருமில்லீங்களா?" என்று வாட்ஸ்அப் வந்துவிடும்.

அந்தப் பதற்றம் நியாயமானது. இன்னும் கண்ணில் பார்க்காத பொருளுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, நிச்சயத் தேதி நகராது, போட்டுக்கொள்ளப் போவதும் இன்னொருவர். எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அடிக்கடி வரும் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே கொடுத்திருக்கிறேன்.

ரெடிமேடா இத்தனை மோதிரம் இருக்கே, சொல்லித்தான் செய்யணுங்களா?

வேண்டியதில்லை. தட்டில் இருக்கும் மோதிரம் மனசுக்குப் பிடித்து, விரலுக்கும் பொருந்தினால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. 1981-ல் பிரிட்டன் இளவரசி டயானா தன் நிச்சயதார்த்தத்துக்குத் தேர்ந்தெடுத்த நீலக்கல் மோதிரம் லண்டன் கராட் நகைக்கடையின் அட்டவணையில் இருந்த மோதிரம்தான். அவருக்கென்று தனியாகச் செய்தது கிடையாது.

சொல்லிச் செய்வதற்கு நல்ல காரணங்கள் சில உண்டு. விரல் ரொம்பச் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்கலாம். வீட்டில் ஏற்கனவே ஒரு கல் இருக்கலாம். நர்ஸ், டாக்டர் மாதிரி நாள் முழுக்கக் கையுறை போடுகிறவர் என்றால் கல் தூக்கலாக இருக்கக் கூடாது. மனதில் இருக்கும் வடிவம் எந்தக் கடையிலும் கிடைக்காமலும் போயிருக்கலாம். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் இந்தக் கவலையை விலைக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நிச்சயத்துக்கு எத்தனை நாள் முன்னாடி ஆர்டர் கொடுக்கணும்?

ஆறு வாரம் இருந்தால் நிம்மதி. நான்கு வாரத்தில் முடியும், ஆனால் ஏதாவது திருத்தம் வந்தால் இடம் இருக்காது. இரண்டு வாரத்தில் கேட்டால் பல பட்டறைகள் ஒத்துக்கொள்ளும். அப்போது அவர்கள் விடும் படி எது என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் மாதிரி பார்த்து ஒப்புதல் சொல்லும் கட்டம்தான் விடுபடும்.

மாதத்தையும் பாருங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த வேலைகள் அதற்கு முந்தைய மாதமே குவிந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லையே, பட்டறை சும்மா இருக்கும் என்று நினைப்பார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான வேலை முழுக்க ஆடியில்தான் ஓடும். அட்சய திருதியைக்கு முந்தைய வாரங்களும் அப்படித்தான். எங்கள் பட்டறையில் கல் பதிக்கிறவர்களில் வங்காளத்துக்காரர்கள் நிறையப் பேர், துர்கா பூஜைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். தேதி குறித்ததுமே வந்துவிடுங்கள். விரல் அளவைப் பிறகு கொடுத்தாலும் வரைபட வேலையை ஆரம்பித்து வைக்கலாம்.

பணம் கட்டின பிறகு உள்ள என்னதான் நடக்குது?

முதலில் கம்ப்யூட்டரில் முப்பரிமாண வரைபடம் போடுவார்கள். வளையத்தின் அகலம், கனம், கல் எவ்வளவு உயரத்தில் உட்காரும், எத்தனை கொக்கி பிடிக்கும் என்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் அதில் முடிவாகும். நீங்கள் ஒப்புக்கொண்டதும் அதை மெழுகில் அச்செடுப்பார்கள். இந்த மெழுகு மாதிரியை விரலில் போட்டே பார்க்கலாம். கையில் எடுத்தால் எடையே தெரியாது, அழுத்தினால் உடைந்துவிடும். ஆனால் உங்கள் மோதிரத்தின் உயரமும் அகலமும் அச்சு அசலாக அதில் இருக்கும்.

பிறகு மெழுகைச் சுற்றி மாவு போன்ற பூச்சை ஊற்றி இறுக விட்டு, உலையில் வைப்பார்கள். மெழுகு உருகி எரிந்து போய் உள்ளே வெற்றிடம் நிற்கும். உருக்கிய தங்கம் அந்த இடத்தை நிரப்பும். வார்ப்பிலிருந்து வெளியே வரும் மோதிரம் பார்க்க அழகாக இருக்காது. கரடுமுரடாக, மங்கலாக, ஒரு பக்கம் காம்போடு இருக்கும். அந்த நிலையில் எடுத்த போட்டோவைப் பார்த்துப் பயந்து போன் செய்தவர்கள் உண்டு. அரம் போட்டு, தேய்த்து, கல் பதித்து, பாலிஷ் கொடுத்த பிறகுதான் அது மோதிரமாகத் தெரியும். இடையில் ஹால்மார்க் மையத்துக்கும் ஒரு தடவை போய்வரும்.

இதில் நீங்கள் மறக்கக் கூடாதது மெழுகுக் கட்டம். அதுவரை எதை மாற்றினாலும் செலவு கொஞ்சம்தான். தங்கம் ஊற்றிய பிறகு மாற்றினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெழுகின் எடையைக் கேட்டு வாங்குங்கள். 18 கேரட் தங்கத்தில் அது ஏறக்குறைய 15 மடங்கு வரும். 0.2 கிராம் மெழுகு என்றால் சுமார் 3 கிராம் தங்கம். உங்களுக்குச் சொன்ன எடையோடு அது ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அவளுக்குத் தெரியாம விரல் அளவு எப்படிங்க எடுக்கறது?

அவர் அதே விரலில் போடும் வேறு மோதிரம் கிடைத்தால் ஒரு மணி நேரம் கொண்டுவாருங்கள், அளவுக் கம்பியில் ஏற்றிப் பார்த்துச் சொல்லிவிடுவோம். கொண்டுவர முடியாவிட்டால் வெள்ளைத் தாளில் மோதிரத்தை வைத்து உள்வட்டத்தைக் கூரான பென்சிலால் வரைந்து, வட்டத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். 16.5 மில்லிமீட்டர் என்றால் நம் ஊர் அளவில் 12. நூல் கட்டி அளப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நூல் இழுபடும், முடிச்சுப் போடும்போது தளரும், அளவு எண்கள் இரண்டு மூன்று தள்ளிப்போகும்.

எந்தக் கை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கை மோதிர விரலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். வேலை செய்யும் கை விரல் கொஞ்சம் பருத்திருக்கும். சில வீடுகளில் பெண்ணுக்கு இடது கை, சில வீடுகளில் வலது கை. அவருடைய அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். இதுதான் நான் முதலில் சொல்லும் வழி. எங்களுக்கு வந்த சரியான அளவுகளில் பெரும்பாலானவை நாத்தனார், மச்சினிச்சி வழியாக வந்தவைதான்.

காலைல சரியா இருந்துச்சு, சாயங்காலம் இறுக்குது. அளவு தப்பா எடுத்துட்டீங்களா?

விரல் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. விடிகாலையிலும் குளிரிலும் சுருங்கும். வெயிலில் அலைந்தால், உப்புச் சாப்பாடு சாப்பிட்டால், இரவு சரியாகத் தூங்காவிட்டால் வீங்கும். நிச்சயத்துக்கு முந்தைய வாரம் இது எல்லாமே நடக்கும். அதனால் பிற்பகல் வேளையில், கை சாதாரணச் சூட்டில் இருக்கும்போது அளப்பது நல்லது. மூட்டைத் தாண்டும்போது லேசாகத் தடுக்க வேண்டும், தாண்டிய பிறகு விரலில் இளைப்பாற வேண்டும். வளையம் 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் அளவை ஒரு எண் கூட்டுவோம்.

சரி, அளவு மாறியே போச்சுன்னா? மோதிரமே வீணா?

இல்லை. தங்கத்தில் ஒன்றிரண்டு எண் கூட்டவும் குறைக்கவும் சாதாரணமாக முடியும். நம் ஊர் அளவில் ஒரு எண் என்பது சுற்றளவில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். பயப்பட வேண்டிய வடிவங்கள் சில உண்டு. சுற்றிலும் கல் வைத்த வளையத்தை வெட்ட இடம் கிடையாது. பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும், அந்த வசதி எல்லாப் பட்டறையிலும் இருக்காது. மரகதம் இருந்தால் நெருப்புக் காட்டும் முன் கல்லைக் கழற்ற வேண்டும். அளவில் சந்தேகம் இருக்கிறவர்கள் இந்த மூன்றையும் தவிர்த்தால், தூக்கம் கெட அவசியமில்லை.

18 கேரட் எல்லாம் தங்கமான்னு அம்மா கேக்கறாங்க. 22-லயே பண்ணித் தர முடியாதா?

முடியும். எந்த மாதிரி மோதிரம் என்பதைப் பொறுத்தது. 22 கேரட்டில் 91.6 சதவீதம் தங்கம், 18 கேரட்டில் 75 சதவீதம். தங்கம் கூடக் கூட மென்மையும் கூடும். மெல்லிய நான்கு கொக்கிகள் ஒரு வைரத்தைத் தூக்கிப் பிடிக்கும் மோதிரத்தை 22-ல் செய்தால் கொக்கிகள் நாளாக வளையும், சேலையிலும் துப்பட்டாவிலும் சிக்கும், ஒரு நாள் கல் விழும். 18 கேரட் அந்தக் கொக்கிக்குத் தேவையான விறைப்பைக் கொடுக்கிறது.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் பார்த்து வளர்ந்த வைரத்தோடும் பேசரியும் குளோஸ் செட்டிங். கல்லைச் சுற்றித் தங்கம் மூடிப் பிடித்திருக்கும், அதற்கு 22 தாங்கும். 22-தான் வேண்டும் என்றால் கல்லைச் சுற்றி விளிம்பு கட்டும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுப் பேச்சும் தீரும், மோதிரமும் நிற்கும். அந்த மஞ்சள் நிறத்துக்குத் தனி அழகு உண்டு என்பது என் எண்ணம்.

வெள்ளைத் தங்கமா, பிளாட்டினமா?

வெள்ளைத் தங்கம் என்பது வேறு உலோகங்கள் கலந்து நிறம் மாற்றிய தங்கம். மேலே ரோடியம் பூச்சு இருக்கும். தினமும் போட்டால் ஓரிரு வருடத்தில் பூச்சு தேய்ந்து லேசான மஞ்சள் தெரியும், திரும்பப் பூச வேண்டும். நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும், முன்பே கேளுங்கள். பிளாட்டினத்துக்கு நிறம் மாறாது, தோலுக்கும் ஆகும். ஆனால் அதே வடிவத்துக்கு எடை கூடும், திருத்துவதும் மேலே சொன்ன மாதிரி கடினம்.

என் பட்ஜெட்டுக்கு 30 சென்ட் வைரம்தான் வரும். ரொம்பச் சின்னதா தெரியுமோன்னு கூச்சமா இருக்கு.

கூச்சப்பட ஒன்றும் இல்லை. கணக்கைப் பார்ப்போம். 100 சென்ட் ஒரு கேரட், அதாவது 0.2 கிராம். வட்ட வைரத்தில் 30 சென்ட் கல்லின் குறுக்களவு சுமார் 4.3 மில்லிமீட்டர், 50 சென்ட் சுமார் 5.1, ஒரு கேரட் சுமார் 6.5. எடை மூன்று மடங்குக்கு மேல் ஏறினாலும் அகலம் ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது. விலையோ அதைவிட வேகமாக ஏறும்.

சின்னக் கல்லைப் பெரிதாகக் காட்டுவது வளையத்தின் அகலம். 4.3 மில்லிமீட்டர் கல்லை 4 மில்லிமீட்டர் வளையத்தில் வைத்தால் கல் காணாமல் போகும். 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் வளையத்தில் அதே கல் நிமிர்ந்து நிற்கும். அதற்கும் கீழே போனால் வளையம் நாளடைவில் நெளியும். கல்லின் வெட்டு நன்றாக இருக்கட்டும். நிறத்திலும் தெளிவிலும் ஒரு படி இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, வெட்டு மோசமாக இருந்தால் மண்டப வெளிச்சத்திலும் கல் மங்கித்தான் இருக்கும்.

லேப் வைரம்னா டூப்ளிகேட்தானே?

டூப்ளிகேட் இல்லை. பூமிக்கடியில் உருவானதும் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்ததும் ஒரே கார்பன் படிகம், ஒரே கடினம், ஒரே ஜொலிப்பு. கடையில் வைத்துப் பார்க்கும் சாதாரண வைர டெஸ்டரும் இரண்டையும் வைரம் என்றே காட்டும். பிரித்தறிய ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். வைரம் போலவே மின்னும் மொய்சனைட் வேறு பொருள், அதை வைரம் என்று யாராவது சொன்னால் அங்கே வாங்காதீர்கள்.

வித்தியாசம் விலையில் இருக்கிறது. லேப் வைரம் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும், திரும்ப விற்கப் போனால் அதற்கேற்றபடி மிகக் குறைவாகத்தான் கேட்பார்கள். பெரிய கல் போட்டுக்கொள்ளும் ஆசைக்கு வாங்குகிறீர்கள் என்றால் நல்ல தேர்வு. பிற்காலத்துக்கு ஒரு சேமிப்பு என்று நினைத்தால் வேண்டாம். எதை வாங்கினாலும் பெண் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சான்றிதழில் எப்படியும் எழுதியிருக்கும், பிறகு தெரிய வந்தால் கல்லைப் பற்றிய பேச்சு உங்களைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

அவளுக்கு நீலக்கல்தான் ஆசை. எங்க பாட்டி "நீலம் எல்லாருக்கும் ஆகாது"ன்னு பயப்படறாங்க.

நீலம் சனிக்குரிய கல் என்பதால் ஜாதகம் பார்க்காமல் போடக் கூடாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. இதில் பாட்டியோடு வாதம் செய்ய வேண்டாம். ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்லுங்கள், அல்லது பெண்ணிடம் மாற்று நிறம் கேளுங்கள். நிச்சயத்தன்று மோதிரத்தைப் பார்க்கும்போது பெரியவர்கள் முகம் வாடினால் அது அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம்.

கல் என்ற அளவில் நீலம் தினசரி மோதிரத்துக்கு மிகவும் ஏற்றது. கடினத்துக்கு 1 முதல் 10 வரை உள்ள அளவுகோலில் வைரம் 10, நீலமும் மாணிக்கமும் 9. டயானா மோதிரத்தில் இருப்பதும் இலங்கை நீலம்தான். மரகதம் 7.5 முதல் 8 வரை, உள்ளே வெடிப்புகளும் இருக்கும். முத்தும் பவளமும் இன்னும் மென்மை. தினமும் பாத்திரம் கழுவும் கைக்கு அவை தாங்காது.

போன்ல இருக்கற படம் மாதிரியே அச்சு அசலா வருமா?

படத்தில் இருக்கும் கல்லின் அளவு என்ன என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். நடிகையின் கையில் இருக்கும் 3 கேரட் கல் மோதிரத்தை 30 சென்ட் கல்லுக்குச் சுருக்கினால் சுற்றியிருக்கும் சின்ன கற்கள் பொட்டளவு ஆகிவிடும், பூ வேலை பார்க்கவே தெரியாது. அதனால் அப்படியே சுருக்குவதில்லை. படத்தில் உங்களை இழுத்தது எது என்று கேட்போம். கொக்கியின் வளைவா, இரண்டு பக்கமும் இறங்கும் சரிவா, கல்லின் வடிவமா? அந்த ஒன்றைக் காப்பாற்றி மற்றதைக் கல்லுக்கேற்ப மாற்றுவோம்.

திரையில் வரைபடம் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகத் தெரியும், எல்லாமே கனமாகப் படும், "இன்னும் மெல்லிசா" என்று சொல்லிக்கொண்டே போவீர்கள். நிஜ அளவில் தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லி விரல் மேல் வைத்துப் பாருங்கள்.

மெழுகு மாதிரி பார்த்தப்ப மனசுக்கு ஒட்டல. இவ்வளவு வேலை செஞ்சிருக்காங்களேன்னு சொல்லத் தயக்கமா இருக்கு.

தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். மாதிரியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தாங்க இருக்கு" என்று மெதுவாகச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த 'தான்' கேட்டவுடனே எங்களுக்குப் புரிந்துவிடும். நாங்களே திரும்பக் கேட்போம், எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

என்ன பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உயரமா இருக்கிறதா, தடியா இருக்கிறதா, பக்கவாட்டில் வெறுமையா தெரிகிறதா என்று பத்தர் கேட்டே கண்டுபிடிப்பார். மெழுகைத் திரும்ப எடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை, யாரும் மனம் நோக மாட்டார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே எத்தனை திருத்தம் இலவசம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் தயக்கம் இன்னும் குறையும்.

கொட்டேஷன்ல ஒரு தொகை, பில்லுல ஒரு தொகை. ஏமாத்தறாங்களா?

மூன்று இடத்தில் தொகை மாறும். தங்க ரேட் தினமும் மாறும், ஆர்டர் அன்றைய ரேட்டா டெலிவரி அன்றைய ரேட்டா என்று அட்வான்ஸ் ரசீதில் இருக்க வேண்டும். முடிந்த மோதிரத்தின் எடை மதிப்பீட்டிலிருந்து கொஞ்சம் மாறும், எவ்வளவு வரை மாறலாம் என்று கேளுங்கள். மூன்றாவது, அரசு வரி. நகையாக வாங்கினால் 3 சதவீத ஜிஎஸ்டி, உங்கள் தங்கத்தைக் கொடுத்துச் செய்தால் கூலி மீது 5 சதவீதம்.

பில்லில் கல் எடை கழித்த நிகரத் தங்க எடை தனியாக இருக்க வேண்டும். கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டால் அது தவறு. சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி எவ்வளவு என்பதும் தனித்தனியாக இருக்கட்டும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகை சொல்கிற இடத்தில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

பாட்டி மோதிரத்தை உருக்கி அதே தங்கத்துலயே செய்வீங்களா, வேற தங்கம் போட்டுடுவீங்களா?

முதலில் சொல்லிக் கேட்க வேண்டும். பல இடங்களில் பழைய தங்கத்தை மதிப்புப் போட்டுக் கழித்துக்கொண்டு, இருப்பிலிருக்கும் தங்கத்தில் செய்வார்கள். அதே தங்கம்தான் வேண்டும் என்றால் தனியாக உருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் உருக்கி எடை போடச் சொல்லலாம். பழைய நகையில் பற்றவைத்த இடங்களில் வேறு உலோகம் இருக்கும், உள்ளே அழுக்கும் அரக்கும் இருக்கும், அதனால் எடை குறையும். தரமும் ஹால்மார்க் அளவுக்கு வராமல் போகலாம். அப்போது சுத்தத் தங்கம் கொஞ்சம் சேர்த்துத் தரத்தை ஏற்றுவோம்.

உருக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உள்ளே ஏதாவது எழுத்தோ பழைய பத்தரின் முத்திரையோ இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். இன்னொன்று, வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள். உலையில் போன பிறகு சித்தி போன் செய்து "அது எனக்குன்னு அம்மா சொல்லியிருந்தாங்களே" என்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எங்க கல்லை உள்ள எடுத்துட்டுப் போய் மாத்திட்டா எப்படித் தெரியும்?

கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. தாராளமாகக் கேளுங்கள். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகங்கள் சான்றளிக்கும் வைரங்களில் பலவற்றின் இடுப்பு விளிம்பில் சான்றிதழ் எண் லேசரில் பொறித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, லென்ஸில் தெரியும். கல்லைக் கொடுக்கும் முன் அந்த எண்ணை நீங்களே லென்ஸில் படித்துப் பாருங்கள், டெலிவரி அன்று திரும்பப் படியுங்கள். கொக்கி அந்த எண் மேல் உட்காராமல் பதிக்கச் சொல்லி ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு விவரங்களை ஒத்துப் பார்க்கலாம்.

எண் இல்லாத பழைய கல் என்றால் கேரட் தராசில் எடை போட்டு, மில்லிமீட்டரில் நீள அகலம் அளந்து, லென்ஸ் வழியாகப் படம் எடுத்து, எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். உள்ளே இருக்கும் சிறு புள்ளியோ இறகு போன்ற கோடோ அந்தக் கல்லுக்கு மட்டுமே உரியது. நேர்மையான பட்டறைக்கு இந்தச் சோதனை பாதுகாப்புத்தான்.

ஹால்மார்க் நாலு எழுத்து இருந்தா போதுமா?

மூன்று குறிகள் இருக்க வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, தரம் (18 கேரட் என்றால் 750, 22 என்றால் 916), ஆறு எழுத்து-எண் கலந்த தனி அடையாளக் குறியான எச்யுஐடி. 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறையும் போட்டால் நகை வகை, தரம், முத்திரையிட்ட மையம் எல்லாம் வரும். மோதிரம் என்று வர வேண்டிய இடத்தில் வேறு நகை வந்தால் நிறுத்திக் கேளுங்கள். 2 கிராமுக்குக் கீழே இருக்கும் நகைக்குக் கட்டாயம் இல்லை, மிக மெல்லிய மோதிரம் கேட்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தரம் குறைந்தது என்று நிரூபணமானால் குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்பது பிஐஎஸ் விதி. பேசித் தீராத பிரச்சினைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உள்பக்கம் எங்க ரெண்டு பேர் பேரும் தமிழ்ல போடணும். வருமா?

வரும், அழகாகவும் இருக்கும். ஆனால் 2 மில்லிமீட்டர் வளையத்தில் 'ஸ்ரீகிருஷ்ணகுமார் – தமிழ்ச்செல்வி' எழுதச் சொன்னால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 'கி', 'கீ' விசிறிகளுக்கும் 'கு', 'ணு' சுழிகளுக்கும் எழுத்தின் மேலும் கீழும் இடம் வேண்டும். முதலில் அழிவது மெய்யெழுத்தின் புள்ளி. இரண்டு முறை பாலிஷ் போட்டால் 'ச்' 'ச' ஆகிவிடும். முதலெழுத்துகள், வீட்டில் கூப்பிடும் பெயர், தேதி என்று சுருக்கிக்கொண்டால் நீண்ட நாள் நிற்கும். எழுத்துருவை நிஜ அளவில் காட்டச் சொல்லி, எழுத்துப் பிழையை வீட்டில் இரண்டு பேர் சரிபார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள்.

ஹால்மார்க் குறிகளும் உள்பக்கம்தான் வரும், அதற்கும் இடம் விட வேண்டும். பிற்காலத்தில் அளவு மாற்றும்போது வெட்டும் இடம் பொதுவாக அடிப்பகுதி. அங்கே பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்ப்ரைஸா கொடுக்கணும். ஆனா அவளுக்குப் பிடிக்குமான்னு பயமாவும் இருக்கு. என்ன செய்யட்டும்?

கேட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். தினமும் போட்டுக்கொள்ளப் போகிறவரின் விருப்பம் ஒரு நாள் ஆச்சரியத்தைவிடப் பெரிது. முழுதாகச் சொல்ல மனமில்லை என்றால் பாதியைக் கேளுங்கள். மஞ்சளா வெள்ளையா, வட்டமா நீள்வட்டமா, கல் தூக்கலா படிந்தா என்ற மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் மீதியை நீங்கள் முடிவு செய்யலாம். அவர் இப்போது போடும் தோடும் வளையலும் நிறையச் சொல்லும். சின்னச் சின்னதாகப் போடுகிறவருக்குப் பெரிய தலை வைத்த மோதிரம் பெட்டியில்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு மோதிரம் செய்ய வரும் பெண்களுக்கும் இதையே சொல்கிறேன். நகையே போட்டுப் பழகாத ஆளுக்கு உள்பக்கம் உருட்டலாக இருக்கும் வளையம் கொடுங்கள், உறுத்தாது.

டெலிவரி அன்னைக்கு என்னென்ன பார்க்கணும்?

அவசரப்படாமல் உட்காருங்கள். எச்யுஐடி, கல் எண், எடை ஆகிய மூன்றையும் மேலே சொன்னபடி பில்லோடு ஒத்துப் பாருங்கள். மோதிரத்தைக் காதருகில் வைத்து விரலால் தட்டுங்கள், கல் ஆடினால் மெல்லிய கிலுகிலுப்பு கேட்கும். கொக்கிகளின் மேல் ஒரு நூலிழையைத் தடவுங்கள், சிக்கினால் அங்கேயே தேய்த்துத் தருவார்கள். கடை விளக்கில் எல்லாமே மின்னும், வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு தடவை பாருங்கள். டெலிவரியை நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொண்டால் சின்னத் திருத்தங்களுக்கு நேரம் இருக்கும்.

போட்டுவிட்டதும் அவ முகத்துல பெருசா ஒண்ணும் தெரியல. பிடிக்கலையோ?

மண்டபத்தில் எல்லோரும் பார்க்க, போட்டோக்காரர் "இந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது யார் முகத்திலும் எதுவும் சரியாகத் தெரியாது. ஒரு வாரம் கழித்து, இறுக்குகிறதா, உறுத்துகிறதா, எங்கேயாவது சிக்குகிறதா என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பதில் சொல்வது அவருக்குச் சுலபம். உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் அதே கல்லை வைத்து வேறு வளையம் செய்யலாம். இதற்காக இரண்டு பேரும் சேர்ந்து வந்து உட்கார்ந்து வரைந்து செய்துகொண்ட மோதிரங்கள் எங்களிடம் உண்டு. அவை நன்றாகவே அமைந்தன.

நிச்சயம் நின்னுபோச்சு. மோதிரத்தைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?

எடுத்துக்கொள்வோம். தங்கத்துக்கு அன்றைய ரேட்டில் நிகர எடைக்கு மதிப்பு கிடைக்கும், கடைக்குக் கடை சிறு கழிவு இருக்கும். சேதாரம், செய்கூலி, வரி திரும்ப வராது. இயற்கை வைரத்துக்குப் பில்லில் எழுதியிருக்கும் மாற்று விதிப்படி ஒரு பகுதி கிடைக்கும், லேப் வைரத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். உள்ளே பெயர் பொறித்திருந்தால் அதை மற்றவர் கையில் போக விட மாட்டோம், நேராக உருக்கத்தான் போகும்.

இந்த வேலையை உடனே முடித்தாக வேண்டும் என்று எதுவும் இல்லை. பில்லையும் கல் சான்றிதழையும் மட்டும் பத்திரமாக வையுங்கள், எப்போது வேண்டுமானாலும் வரலாம். நீங்களே வர வேண்டும் என்றும் இல்லை. ஒரு கடிதமும் அடையாள அட்டை நகலும் கொடுத்து வீட்டில் யாரையாவது அனுப்பினால் போதும், தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். எதற்காக விற்கிறீர்கள் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம்.